பால் குடிக்கையில் வேர்க்கிறது

நாமக்கல், பள்ளி விடுதி
11.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை தனப்பிரியா எழுதுவது. நான் சுகம். நீ, பாப்பா, அம்மா, அப்பா எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. பன்னிரண்டாம் வகுப்புக்கு இந்த வருடத்திலிருந்து போன் கிடையாது. பெற்றோர் பார்க்க வருவதும் கிடையாது. பொங்கலுக்கு மூன்று நாள் வீட்டுக்கு விடுவார்கள், அவ்வளவுதான். வாரம் ஒரு கடிதம் எழுதலாம். அதையும் ஒட்டாமல் வார்டன் மேடத்திடம் கொடுக்க வேண்டும். அவர் படித்துவிட்டு ஒட்டி அனுப்புவார். வருகிற கடிதத்தையும் அவரே பிரிப்பார். ஆகவே மாமாவைப் பற்றி ஏதாவது ரகசியம் எழுதினால் எனக்கு முன்னால் அவருக்குத்தான் தெரியும். (வணக்கம் மேடம்.)

பாப்பாவை நான் பார்த்தது பிறந்த மறுநாள் ஒரு மணி நேரம். என் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நாலு வருடம் காத்திருந்து வந்தவள், அப்படித்தான் பிடிப்பாள். என்ன செய்கிறாள், எப்படி இருக்கிறாள், ஒன்று விடாமல் எழுது. இங்கே படிப்பதற்கு இயற்பியலைத் தவிர வேறொன்றும் இல்லை.

உன்,
தனம்

*

ஜேடர்பாளையம்
1.9.2024

அன்புத் தங்கை தனத்துக்கு,

அக்கா அகல்யா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? விடுதி முட்டையை ஒதுக்கி வைக்காதே.

பாப்பாவுக்கு வியாழக்கிழமை நாற்பத்தைந்தாம் நாள் ஊசி போட்டு வந்தோம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நம் அப்பா பண்ணையில் ஐயாயிரம் குஞ்சு இறங்கியிருக்கிறது. அவருக்குக் கண்ணை மூட நேரமில்லை.

பாப்பா கொஞ்சம் அழுகிறாள். பால் குடிக்க ஆரம்பித்து இரண்டு நிமிடத்தில் வீறிட்டு விட்டுவிடுகிறாள். உரம் விழுந்திருக்கும் என்று அம்மா சொன்னது. மேற்கு வீதி ராமாத்தாள் வந்து, பழைய சேலையில் பாப்பாவைப் போட்டு, இரண்டு முனையையும் பிடித்து உருட்டி உரம் எடுத்தார். "கழுத்துல சுளுக்குப் புடிச்சிருந்துச்சு சாமி, இனி பாரு, மொடக்கு மொடக்குனு குடிப்பா" என்றார். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

நீ படிப்பைப் பார். மாமா போன வாரம் வந்துவிட்டுப் போனார். லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் தீபாவளி வரை வேலை நெருக்குகிறதாம்.

அன்புடன்,
அகல்யா

*

நாமக்கல்
8.9.2024

அன்புள்ள அக்கா,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. முட்டையையும் தின்கிறேன், போதுமா?

உரம் எடுத்த கதையைத் தோழிகளிடம் சொன்னேன். சௌமியாவையும் சின்ன வயதில் அப்படி உருட்டினார்களாம். அதனால்தான் அவளுக்குக் கணக்கு வரவில்லை என்று சிரித்தோம்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. பால் குடிக்கையில் பாப்பாவுக்கு வேர்க்கிறதா? உதடு நீலமாகிறதா? எடை எவ்வளவு? சும்மா கேட்கிறேன். ஊசி போட்ட இடத்தில் டாக்டர் பார்த்தாரா, நர்ஸ் மட்டும்தானா?

பதில் எழுது.

தனம்

*

ஜேடர்பாளையம்
22.9.2024

அன்புத் தங்கைக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

டாக்டராகும் முன்பே நீ டாக்டர் கேள்வி எல்லாம் கேட்கிறாய் என்று அம்மா சிரித்தது. உதடெல்லாம் நீலம் இல்லை. கொஞ்சம் வெளுப்பு, அவ்வளவுதான். அவள் அப்பனைப் போலச் சிவப்பாக வருவாள் என்று ராமாத்தாள் சொல்கிறார். வேர்க்கத்தான் செய்கிறது. பால் குடிக்கையில் நெற்றியில் முத்து முத்தாக நிற்கும், நான் முந்தானையால் ஒற்றி எடுப்பேன். புரட்டாசி வெயில் அப்படி. ஃபேன் போட்டாலும் நிற்பதில்லை.

மூன்று தடவை உரம் எடுத்தாகிவிட்டது. என் பாலில் சத்தில்லையோ என்று அம்மா பூண்டுக் குழம்பாக வைத்துத் தள்ளுகிறது. பசியில் அழுது வாயைத் திறக்கிறாள், நாலு வாய் குடிக்கிறாள், காலைச் சுருக்கிக்கொண்டு கத்துகிறாள், பிறகு சோர்ந்து தூங்கிவிடுகிறாள்.

ஐப்பசி பிறந்ததும் எங்களை அழைத்துப்போக மாமா வீட்டார் வருகிறார்கள். பாப்பாவுக்கு முதல் தீபாவளி. பொன்னாத்தா அத்தை பேத்திக்கு வெள்ளிக் கொலுசு செய்யச் சொல்லியிருக்கிறார். அதற்குள் இவள் கொஞ்சம் சதை பிடித்துவிட்டால் போதும்.

அன்புடன்,
அகல்யா

*

நாமக்கல்
26.9.2024

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. இதைப் படித்தவுடன் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நாமக்கல் வந்து குழந்தைகள் டாக்டரிடம் காட்டு. இதயத்தைப் பார்க்கச் சொல். இசிஜி, எக்கோ என்று கேள். ராமாத்தாளைக் கூப்பிடாதே.

நான் ஒன்றும் பெரிய மேதாவி இல்லை. பத்தாம் வகுப்பு லீவில் அப்பா பண்ணையில் குஞ்சு செத்துச் செத்து விழுந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கால்நடை டாக்டர் ஒரு குஞ்சை அறுத்துக் காட்டினார். வயிறு முழுக்க நீர். இதயம் தொளதொளவென்று வீங்கிக் கிடந்தது. நோவுக் குஞ்சை உயிரோடு இருக்கும்போதே எப்படிக் கண்டுபிடிப்பது என்று அப்பாவைக் கேட்டேன். அவர் சொன்னது: "பசியில்லாத குஞ்சு தட்டுக்கே வராது அம்முணி. தட்டு வரைக்கும் வந்து, நாலு கொத்து கொத்திப்போட்டு உக்காந்து மூச்சு வாங்குது பாரு, அதுதான் நோவுக் குஞ்சு. திங்கறதுக்குத் தெம்பு பத்தல."

உன் கடிதத்தில் நாலு வாய் என்று படித்ததும் அப்பா சொன்ன அந்த நாலு கொத்துதான் ஞாபகம் வந்தது. பாப்பாவுக்குப் பால் குடிப்பதுதான் ஓடுவது. வேறு எந்த வேலையும் அவளுக்கு இல்லை. அந்த ஒரு வேலைக்கே வேர்த்து ஊற்றுகிறது என்றால் அது வெயில் இல்லை அக்கா.

ஆபீஸ் போனில் பேச விடுங்கள் என்று மேடத்திடம் கேட்டேன். "கைக்குழந்தை அழறதெல்லாம் அவசரமாம்மா? மாதிரித் தேர்வுக்குப் படி" என்று சொல்லிவிட்டார். மேடம், இதை நீங்கள்தான் முதலில் படிக்கிறீர்கள். தயவுசெய்து இன்றே தபாலில் போடுங்கள்.

தனம்

*

ஜேடர்பாளையம்
6.10.2024

அன்புள்ள தனத்துக்கு,

எல்லோரும் நலம். உன்னிடமிருந்து இரண்டு வாரமாகக் கடிதமே இல்லையே, மாதிரித் தேர்வா?

என் பழைய போன் தண்ணீரில் விழுந்து, புது நம்பர் வாங்கியிருக்கிறேன். நீ வரும்போது தருகிறேன்.

பாப்பா இப்போது அதிகம் அழுவதில்லை. முன்பு போல வீறிடுவது இல்லை. முனகுவாள், அவ்வளவுதான். நிறையத் தூங்குகிறாள். உரம் எடுத்தது இப்போதுதான் பிடித்திருக்கிறது என்று அம்மாவுக்குச் சந்தோஷம். தூங்கும்போதுகூட மூச்சு சின்னச் சின்னதாக ஓடுகிறது. விலாவில் தோல் உள்ளே போய் வருவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

பதினெட்டாம் தேதி அழைக்க வருகிறார்கள். சீருக்குப் பாத்திரம் எல்லாம் வந்துவிட்டது. நீ நன்றாக எழுது.

அகல்யா

*

நாமக்கல்
10.10.2024

அப்பா,

இது அக்காவுக்கு இல்லை, உங்களுக்கு. விடுதிக்கு முட்டை இறக்க வருகிற காளிதாஸ் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் போனில் உங்களை ஆறு முறை கூப்பிட்டேன். ஷெட்டில் ஃபேன் சத்தத்தில் உங்களுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. அக்காவின் புது நம்பர் எனக்குத் தெரியாது.

இரண்டு வாரம் முன்பு அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அது போகவே இல்லை. நேற்று அக்கா கடிதத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக் கேட்டேன். மேடம் மேசை டிராயரில் இருந்தது. மாதிரித் தேர்வு முடிகிற வரைக்கும் மனதைக் கெடுக்கிற கடிதம் போகவும் கூடாது வரவும் கூடாது என்று உத்தரவாம். அந்தக் கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். படியுங்கள்.

அப்பா, பாப்பா பால் குடிக்கையில் நீங்கள் ஒரு முறையாவது பார்த்திருக்கிறீர்களா? ஒரே ஒரு முறை பாருங்கள். நோவுக் குஞ்சைப் பார்க்கிற கண்ணால் பாருங்கள். வேறு ஒன்றும் நான் சொல்லவில்லை.

உங்கள் மகள்,
தனப்பிரியா

*

கோயம்புத்தூர், மருத்துவமனை
27.10.2024

அன்புத் தங்கைக்கு,

நீ அங்கே என்ன பாடுபடுகிறாயோ. பாப்பா உயிரோடு இருக்கிறாள். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

அன்று சாயங்காலம் காளிதாஸ் வந்து கடிதத்தைக் கொடுத்தார். அப்பா ஷெட் வாசலில் நின்றபடியே இரண்டையும் படித்தார். நான் பால் கொடுக்க உட்கார்ந்தால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார், உனக்குத் தெரியுமே. மூன்று மாதமாக அந்த அறைப் பக்கமே வந்ததில்லை. அன்றைக்கு வாசற்படியில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே, "கண்ணு, பாலைச் சங்குல ஊத்தி உங்கொம்மாகிட்டக் குடு. நான் பாக்கோணும்" என்றார். அம்மா மடியில் போட்டுப் புகட்டியது. அப்பா எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தார். ஒரு நிமிடம் இருக்கும். பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நெற்றி நனைந்துவிட்டது. அப்பா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "நாலு கொத்துத்தான்" என்றார். வண்டியை எடுத்துவிட்டார்.

நாமக்கல் டாக்டர் இசிஜி எடுத்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாரடைப்பு வந்த பெரியவர்களுக்கு இருப்பது போல இருக்கிறது என்றார். ராத்திரியோடு ராத்திரியாக இங்கே அனுப்பிவிட்டார்.

இங்கே பெரிய டாக்டர் படம் போட்டுக் காட்டினார். இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற குழாய், நல்ல ரத்தம் போகிற பெரிய குழாயிலிருந்து கிளம்ப வேண்டுமாம். பாப்பாவுக்கு இடது பக்கக் குழாய் மாறி, நுரையீரலுக்குப் போகிற குழாயில் முளைத்திருக்கிறது. பிறந்த புதிதில் அங்கே அழுத்தம் அதிகம் என்பதால் எப்படியோ ஓடியிருக்கிறது. ஒரு மாதத்தில் அழுத்தம் இறங்கியதும் இதயத்தின் சதை பட்டினி கிடக்க ஆரம்பித்துவிட்டது. மூன்று லட்சம் குழந்தையில் ஒன்றுக்கு வருமாம். "அவ வயித்து வலின்னு அழலம்மா. ஒவ்வொரு தடவை பால் குடிக்கிறப்பவும் அவளுக்கு நெஞ்சு வலிச்சிருக்கு" என்றார். தனம், நான் நூறு தடவை, இருநூறு தடவை அந்தப் பிள்ளையை நெஞ்சில் அழுத்திப் பால் கொடுத்தேன்.

பதினான்காம் தேதி ஆபரேஷன். குழாயை வெட்டி இருக்க வேண்டிய இடத்தில் வைத்துத் தைத்தார்கள். இரண்டு நாள் நெஞ்சை மூடவில்லை. நேற்றுத்தான் மூச்சுக் குழாயை எடுத்தார்கள். இதயம் இன்னும் பலவீனம்தான். ஒரு வால்வு ஒழுகுகிறது. இன்னும் பத்து நாள் தாமதித்திருந்தால் கையில் ஒன்றும் இருந்திருக்காது என்றார் டாக்டர்.

எல்லோரும் உன் வார்டனைத்தான் சபிக்கிறார்கள். மாமா பள்ளிக்கே வந்து சண்டை போடுவேன் என்கிறார்.

அகல்யா

*

நாமக்கல்
3.11.2024

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் குளியலறையில் வைத்து நாலு முறை படித்தேன். பாப்பாவுக்கு என் முத்தம். தையல் மேல் படாமல் கொடு.

மேடத்திடம் நேராகப் போய்ச் சொல்லிவிட்டேன். "பதினாலு நாள் மேடம். அந்தப் பதினாலு நாளும் அது நெஞ்சு வலியில அழுதிருக்கு. உங்க டிராயர் சாவிய நீங்கதான் இடுப்புல வெச்சிருந்தீங்க." எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். தலைமை ஆசிரியர் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். மேடம் அன்றிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு வருவதில்லை. அழுகிறார் என்று சௌமியா சொல்கிறாள். அழட்டும்.

இப்போதெல்லாம் கடிதம் உடனே வருகிறது, உடனே போகிறது. இப்போது என்ன பிரயோசனம்?

தனம்

*

ஜேடர்பாளையம்
24.11.2024

அன்புத் தனம்,

பாப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து எட்டு நாள் ஆகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று எட்டு நாளும் உட்கார்ந்தேன்.

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் உன் வார்டன் படிப்பார். படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாற்பத்தைந்தாம் நாள் ஊசிக்குப் போனோமே, அங்கே டாக்டரம்மா இருந்தார். நீ கேட்டாய். நான் பதில் எழுதவில்லை. அந்த அம்மா பாப்பா நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "மூச்சு வேகமா இருக்கு, ஈரல் தட்டுப்படுது. இதயத்துல ஏதாவது இருக்கலாம். இந்த வாரமே எக்கோ எடுத்துருங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அம்மா வெளியே செருப்புக்குக் காவல் நின்றது. சீட்டு என் கையில்தான் வந்தது.

அதை நான்காக மடித்து பீரோவில் கூறைச் சேலைக்கு அடியில் வைத்தேன்.

ஏன் என்று கேட்பாய். போன வருடம் ஒரு விசேஷத்தில் ஒரு பிள்ளையைப் பார்த்துவிட்டு அத்தை சொன்னார், "எங்க வம்சத்துல இப்பிடி நோவோட ஒண்ணு பொறந்ததில்ல" என்று. சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான். அது எனக்குள் உட்கார்ந்துவிட்டது. நாலு வருடம் பிள்ளை இல்லை என்று கேட்டவர்கள், பிள்ளை வந்த பிறகு குறை என்று கேட்பார்கள். தீபாவளிக்கு அந்த வீட்டுப் படி ஏறுகிறவரைக்கும் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். அதற்குள் சரியாகிவிடும் என்று என்னையே நம்பவைத்தேன். வேர்க்கிறதா என்று கேட்டு உன் கடிதம் வந்த அன்று பீரோவைத் திறந்தேன். திரும்பப் பூட்டினேன். ராமாத்தாளைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

வார்டன் வைத்திருந்தது பதினான்கு நாள். நான் வைத்திருந்தது நாற்பத்திரண்டு நாள்.

அத்தை மருத்துவமனையில் இருபத்தைந்து நாள் என்னோடு தரையில் படுத்திருந்தார். சீட்டைப் பற்றி நானே சொன்னேன். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். "ஏஞ்சாமி, எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல? நான் என்ன பேயா?" என்று கேட்டார். அதற்குப் பதில் அடித்திருக்கலாம்.

வார்டனம்மா, நீங்கள் உத்தரவுப்படி செய்தீர்கள். நான் தாய். தனம், அவரிடம் மன்னிப்புக் கேள்.

அகல்யா

*

நாமக்கல்
22.12.2024

அக்கா,

நாலு வாரமாக உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. அரையாண்டுத் தேர்வு ஒரு சாக்கு.

உன் கடிதத்தை மேடம்தான் கொடுத்தார். "தண்ணித் தொட்டிக்கிட்ட உக்காந்து படி. யாரும் வரமாட்டாங்க" என்றார். மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் பூட்டி வெச்சவதான்மா" என்றார். இருவருமாக அழுதோம். நீ செய்ததற்கு நான் இங்கே ஒருத்தியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன், பார்.

எனக்குக் கோபம் போகவில்லை. பொய் சொல்ல மாட்டேன். எழுதி எழுதிக் கேட்டேனே, வேர்க்கிறதா, டாக்டர் பார்த்தாரா என்று. உன் பழைய கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். ஒவ்வொன்றிலும் முதல் வரி, எல்லோரும் நலம். அதை எழுதிவிட்டுத்தான் அடுத்த வரியே எழுதியிருக்கிறாய்.

இனிமேல் எனக்கு அப்படி எழுதாதே. பாப்பா எப்படி இருக்கிறாளோ அதை எழுது. மோசமாக இருந்தால் மோசம் என்று எழுது. அப்படி எழுத முடிந்தால் எழுது. இல்லாவிட்டால் வேண்டாம்.

தனம்

*

ஜேடர்பாளையம்
5.1.2025

தனம்,

பாப்பாவின் எடை ஐந்து கிலோ நானூறு. அவள் வயதுக்குக் குறைவு. மூன்று மருந்து, நாளுக்கு இரண்டு வேளை. போன வாரம் எக்கோ எடுத்தோம். ஆபரேஷனுக்கு முன்னால் இதயத்தின் பலம் இருபது என்றார்கள், இப்போது முப்பத்தெட்டு. நன்றாக இருக்கிற பிள்ளைக்கு அறுபது இருக்க வேண்டும். வால்வு இன்னும் ஒழுகுகிறது. அது தானாக அடங்கலாம், அடங்காவிட்டால் இன்னொரு முறை நெஞ்சைத் திறக்க வேண்டும். அடங்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

எனக்குத் தூக்கம் வருவதில்லை. அவள் மூச்சை எண்ணிக்கொண்டே கிடக்கிறேன். அம்மா ராமாத்தாளோடு பேசுவதில்லை, பாவம், அவர் என்ன செய்வார். சீட்டை அப்பா கேட்டு வாங்கி, பண்ணையில் குஞ்சுக் கணக்கு எழுதுகிற நோட்டில் வைத்திருக்கிறார். ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. ஆனால் நான் பால் கொடுக்கையில் இப்போது எழுந்து போவதில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு அதே அறையில் உட்கார்ந்து, "எத்தன நிமிசம் கண்ணு?" என்று கேட்கிறார்.

இன்று காலை பதினெட்டு நிமிடம் குடித்தாள். நடுவில் ஒரு முறை நிறுத்தி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குடித்தாள். குடித்து முடித்ததும் பழக்கத்தில் முந்தானையை எடுத்துக்கொண்டு நெற்றியைத் துடைக்கப் போனேன். துடைக்க ஒன்றும் இல்லை. காய்ந்திருந்தது.

நான் சொன்னால் நீ நம்ப வேண்டாம். பொங்கலுக்கு வருவாயே, கையைக் கழுவிவிட்டு வந்து நீயே தொட்டுப் பார்.

அகல்யா